காஜா இல்லாத பதினாலு கோட்டு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு மட்டும் இந்த வாரம் கொஞ்சம் அடி, பயப்படாதே, உடம்பில் இல்லை, கௌரவத்தில். போனில் கேட்டால் ஒன்றுமில்லை என்பார், அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

நகர ஊர்வலம் முடிந்தது. வழக்கம்போல் ஒவ்வொரு தொழில்காரரும் தங்கள் கொடியோடு, சங்கத்துக் கோட்டு போட்டுக்கொண்டு, பழைய ஊரின் கல்வாசலில் நுழைந்து நகர மண்டபம் வரை நடந்தார்கள். இந்த முறை தையற்காரர் சங்கத்தின் பதினாலு பேருக்கும் புதுக் கோட்டு தைக்கிற பொறுப்பை உன் அப்பா வாங்கிக்கொண்டார், கொடி பிடிக்கிற பெருமையும் அவருக்குத்தான். முப்பது வருடமாக அவர் கடையில் உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறேனே, நானும் நடக்கலாமா என்று ஆசைப்பட்டுச் சங்கத்தில் மனுக் கொடுத்தேன். செயலாளர் படித்துவிட்டு, காஜா எடுக்கிறதெல்லாம் தையல்ல சேராதும்மா, நீங்க ஓரமா நின்னு கை தட்டுங்க போதும் என்றார். உன் அப்பா பக்கத்தில்தான் இருந்தார், சட்டைக் கையில் நூல் பிசிறு தேடிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது, உன்னிடம் மறைப்பானேன்.

சரி, தையலில் சேராத வேலையை நான் எதற்குச் செய்ய வேண்டும்? கோட்டுகள் தைத்து முடிந்து எப்போதும்போல என் ஜன்னலோரக் கொக்கியில் வந்து தொங்கின. எடுத்தேன், தூசு தட்டினேன், இஸ்திரி போட்டேன், திருப்பி மாட்டினேன். ஊராரை மூன்று தடவை போட்டுப் பார்க்கச் சொல்லும் இவர்கள், தங்கள் கோட்டை ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்க மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியாததா. பித்தளைப் பொத்தான்களை அப்பாவே ஒவ்வொன்றாகத் தைத்தார், அதை நம்பி யாரிடமும் கொடுக்க முடியாதாம். பொத்தான் நுழைய வழி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. அப்படியே ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள்.

ஊர்வலத்தன்று காலை ஆறு மணிக்குச் செயலாளர் மூச்சு வாங்க ஓடிவந்தார், பின்னாலேயே மற்றவர்கள், கையில் ஆளுக்கொரு கோட்டு. பொத்தான் போடாதவரைக் கல்வாசலுக்குள் விடுவதில்லை, அது பழைய சட்டம். ஊக்கு குத்திக்கலாமா என்று ஒருவர் கேட்டார். தையற்காரன் ஊக்கு குத்திக்கிட்டுப் போறதுக்குப் போகாமலே இருக்கலாம் என்றார் அப்பா. நான் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்து, காஜா தையலா இல்லையா, அதை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். சங்கப் பதிவேடு வந்தது, என் பெயருக்கு எதிரே தையற்காரர் என்று செயலாளர் எழுதினார், எழுத்து கொஞ்சம் கோணல்தான், பரவாயில்லை.

கோட்டுக்கு ஒரு காஜா போடத்தான் நேரம் இருந்தது. தலை நிமிராமல் போட்டேன். ஒன்பது மணிக்கு மேளம் கேட்டபோது பதின்மூன்று முடிந்திருந்தது, பாக்கி இருந்தது அப்பாவுடையது, மற்றவர்களை முன்னால் விட்டதே அவர்தான். இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் அவர் போயிருப்பார், நான் போயிருக்க மாட்டேன். மனுக் கொடுத்த வாரமே எனக்கென்று ஒரு கோட்டு தைத்து, அதில் மூன்று காஜாவும் போட்டு வைத்திருந்தேன். அதை மாட்டிக்கொண்டு, ஊசியில் நூல் கோத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, கொடியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

எத்தனை வருடம் நடைபாதையில் நின்று பார்த்திருக்கிறேன், அந்தத் தெருக் கல் இப்படி வழுக்கும் என்று தெரியாது. சந்தோஷமாக இருந்தது, மனுஷனை இப்படி விட்டுவிட்டு வந்தோமே என்று உறுத்தவும் செய்தது. மணிக்கூண்டுத் திருப்பத்தில் பின்னால் ஓடிவருகிற சத்தம். அப்பாதான். தானே காஜா போட்டிருந்தார். நாற்பது வருட மாஸ்டர், அந்தத் துளையில் ஒரு பொத்தான் என்ன, இரண்டு போகும். நுழைப்பதும் நழுவுவதுமாக இருந்ததால் ஒரு கையால் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நடந்தார். கொடியை நீட்டினேன். நீயே வச்சுக்கோ, எனக்குக் கை ஒழியல என்றார்.

மறுநாள் கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இந்த நூல் சிக்காம எப்படி இழுக்கற என்று கேட்டார். முப்பது வருடத்தில் என் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. காட்டிக் கொடுத்தேன், மூன்று தடவை.

உன் வேலையை மேலதிகாரி தன் பெயரில் காட்டிக்கொள்கிறார் என்று எழுதியிருந்தாய். பொறுத்துப்போ என்றுதான் எழுத இருந்தேன். சண்டை வேண்டாம், ஒரு வாரம் இஸ்திரி மட்டும் போடு, உனக்குப் புரியும். குளிருக்குக் காதை மூடிக்கொள், இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. இருவரும் நீண்ட ஆயுளோடு, மனம் குளிர்ந்து வாழ வேண்டும். அப்பா பேசும்போது காஜா பற்றிக் கேட்டுவிடாதே, பழைய துணியில் பழகிக்கொண்டிருக்கிறார், இன்னும் நேராக வரவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா,
தையற்காரர், பதிவு எண் பதினைந்து