நைட்ரஜன் தொட்டியில் அப்பா

மார்ச் 14
இன்றும் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். வெண்புகை, அதற்குள் அப்பா. குளிர்காலந்தோறும் ஃப்ளூவில் படுத்து எழுந்து, எழுந்ததும் எங்கள் பிஷ்கெக் ஆய்வகத்துக்கு வந்து ரத்தம் கொடுப்பார். பழைய வைரஸை மறக்காத நினைவுச் செல்கள் அவர் ரத்தத்தில் எத்தனை தொற்றுக்குப் பிறகும் தாக்குப்பிடித்தன. பிப்ரவரியில் இதயம்தான் தாக்குப்பிடிக்கவில்லை. அவரில் இன்னும் உயிரோடிருப்பது அவர் செல்களை உறையவைத்த இந்தக் குப்பிகள் மட்டும்.

மார்ச் 16
அப்பாவின் நாற்பதாம் நாள் விருந்துக்கு எங்கள் ஊர் நாரினுக்குக் கிளம்புகிறேன். தொட்டி கிழடு, கசிகிறது. குளிர் போகாமலிருக்க ஒருநாள் விட்டு ஒருநாள் திரவ நைட்ரஜன் ஊற்றவேண்டும். அது உதவியாளர் எர்மெக்கின் வேலை. ஆய்வகத் தலைவர் ஷெய்ஷென்பெக்கிடமும் சொல்லிவைத்தேன். "நிம்மதியா போயிட்டு வாம்மா, நான் இருக்கேன்ல" என்றார்.

மார்ச் 25
நூருஸ் புத்தாண்டு விடுமுறை முடிந்து திரும்பினேன். தொட்டியில் புகை இல்லை. கையை உள்ளே விட்டேன். அறைச்சூடு.

எர்மெக்கைப் பிடித்துக் கேட்டேன். எங்கள் செல்களைப் பார்க்க வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தார்களாம். அவர்களுக்கு ஆடு அறுக்க அவனைத் தலைவர் தன் ஊருக்கு இழுத்துப்போய் விடுமுறை முழுக்க வைத்துக்கொண்டாராம்.

"நைட்ரஜன் ஊத்தணும்னு சொன்னேன்க்கா. அப்ப ஆட்டை யாருடா அறுப்பான்னு கேட்டாரு."

பார்க்க வந்தவனுக்கு ஆட்டுத்தலை மரியாதை. செல்களுக்குச் சாவு.

மார்ச் 26
செல்கள் செத்ததற்கு விருந்தாளிகளிடம் மின்வெட்டு என்று காரணம் சொன்னாராம் தலைவர். அந்தத் தொட்டிக்கு மின்சாரமே கிடையாது. என்னிடம், "எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? ரத்தம் குடுத்தவங்க இருக்காங்கல்ல, திரும்ப எடுத்தா போச்சு" என்றார்.

எல்லாருமா இருக்காங்க? எங்கப்பாவ எங்க போய் கை நீட்டச் சொல்றது — பாவி.

ஏப்ரல் 18
மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தோம். பெரும்பாலானவர்களிடம் பழைய நினைவுச் செல்கள் அப்படியே இருக்கின்றன. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று தலைவர் சிரிக்கிறார். அவர் சொன்னது சரியாகப் போனதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 22
ரத்தம் கொடுக்க ஆள் குறைந்தது. எர்மெக்கிடம் என் கையையே நீட்டினேன்.

ஏப்ரல் 29
சில வருடங்களுக்கு முந்தைய ஒரு குளிர்காலத்து வைரஸின் துணுக்கை என் ரத்தத்துக்குக் காட்டினோம். கொஞ்சம் செல்கள் விழித்துக்கொண்டன. அதற்குப்பின் எனக்கு எத்தனையோ முறை ஃப்ளூ வந்திருக்கிறது, இவை போகவில்லை.

அந்தக் குளிர்காலம் வீட்டில் முதலில் இருமியவர் அப்பா. அவர் குடித்த கிண்ணத்தில் சோர்பா சூப் குடிக்காதே என்று அம்மா திட்டினாள். நான் கேட்கவில்லை. மறுவாரம் நானும் படுத்தேன்.

குப்பியில் உறையவைக்கட்டுமா என்று எர்மெக் கேட்டான். தொட்டியில் வேண்டாம் என்றேன். இங்கே, என் ரத்தத்திலேயே இருக்கட்டும்.