நான் கேட்டு வாங்கிய ஓட்டு

ஜூன் 4

அன்பு மனைவிக்கு,

நலம்தானே? பாப்பாவின் இருமல் தேவலையா? நீ போனை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதால் கட்சி ஆபீசிலிருந்து டிரைவர் தம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்தது யாரையும் ஏமாற்ற அல்ல. பழைய கட்சியில் இருந்தால் ஒரு துரும்பும் அசையாது. புதுக் கட்சியில் மந்திரி பதவி தருவதாகச் சொல்கிறார்கள். அதனால் இடைத்தேர்தலில் அதே தொகுதியில் அவர்கள் சின்னத்தில் நிற்கிறேன். போன தடவை எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டபோது நீதானே வீடு வீடாகப் போய்ப் பேசினாய்? உன் தையல் கடைக்கு வராத பெண் இங்கே யார்? இந்த முறையும் வா. கோபத்தைத் தேர்தலுக்கு அப்புறம் வைத்துக்கொள்.

உன்னவன்

ஜூன் 6

பாப்பாவின் அப்பாவுக்கு,

அவளுக்குத் தேவலை. எனக்குத்தான் இல்லை.

போன தடவை என்ன சொல்லி ஓட்டுக் கேட்டேன், தெரியுமா? "வாய்க்காலுக்குப் பாலம் வந்துடும், வரலேன்னா என் கழுத்தைப் பிடிச்சுக் கேளுங்க" என்றேன். பாலம் பாதியில் நிற்கிறது. வாய்க்கால் மேல் போட்டிருக்கும் பலகை வழியாக வந்த பால்காரம்மா வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து படுத்திருக்கிறாள். பார்க்கப் போனேன். "நீ என்னம்மா பண்ணுவே" என்று எனக்கே ஆறுதல் சொல்கிறாள்.

நீங்கள் ராஜினாமா செய்த மறுவாரமே, இடைத்தேர்தல் வருகிறதென்று தெருவுக்குத் தார் போட்டுவிட்டார்கள். பக்கத்துக் கடை சலூன்காரர், "உங்க வீட்டுக்காரரை மாசா மாசம் ராஜினாமா பண்ணச் சொல்லுங்க, ஊரே ஜொலிக்கும்" என்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டுக் கேட்க நான் வரவும் மாட்டேன்.

உங்கள் மனைவி

ஜூன் 19

மனைவிக்கு,

போஸ்டரில் நீ கைகூப்பும் பழைய படத்தைப் போட்டதற்கு, பாவம், டிரைவரை ஏன் திட்டினாய்? போடச் சொன்னது நான். அதற்காக வாசல் வாசலாகப் போய், "என் பேச்சை நம்பி அவருக்கு ஓட்டுப் போடாதீங்க" என்று சொல்வாயா? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பது இதுதான். கட்டின புருஷனை இப்படித் தெருவில் நிறுத்தாதே.

உன் கணவன்

ஜூன் 20

பாப்பாவின் அப்பாவுக்கு,

என் தையல் மிஷினில் உண்ட வீடு இது. தெருவில் நிற்பது நான்தான், நீங்கள் ஜீப்பில் இருக்கிறீர்கள். என் வாக்கைக் கொடுத்து வாங்கிய ஓட்டை நீங்கள் விற்றுவிட்டீர்கள். என் வாக்கையாவது நான் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். இன்னும் கீழத்தெரு பாக்கி இருக்கிறது.

உங்கள் மனைவி

ஜூலை 2

என் அன்பே,

ஜெயித்துவிட்டேன். போன முறையைவிட நல்ல வித்தியாசம். நீ திட்டின தெருக்களில்தான் அதிக ஓட்டு. என் அதிர்ஷ்டம் நீதான். பதவியேற்புக்கு முன் வரிசையில் உனக்கு இடம் போட்டிருக்கிறேன். பாப்பாவோடு வந்துவிடு.

என்றும் உன்னவன்

ஜூலை 3

பாப்பாவின் அப்பாவுக்கு,

அதிர்ஷ்டம் இல்லை. காலையிலிருந்து கடைக்கு வருகிற ஒவ்வொருத்தியும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள்: "உனக்காகத்தாம்மா போட்டோம். புருஷன் பொண்டாட்டி சண்டை, இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போயிடும். அவரு தோத்துட்டா எந்த முகத்தோட வீட்டுக்கு வருவாரு? சேந்துக்குங்க." பால்காரம்மாவைக் கட்டிலோடு ஓட்டுச்சாவடிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். அவளும் உங்களுக்கே போட்டாளாம். "நீ தனியா இருக்கக் கூடாதுல்ல" என்கிறாள்.

தொண்டை வற்றக் கத்தினேன். யாருக்கும் பாலம் காதில் விழவில்லை. புருஷனோடு கோபித்துக்கொண்டவளின் புலம்பலாக மட்டும் விழுந்திருக்கிறது. அவர்களிடம் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் வருகிறது.

இது வீட்டுச் சண்டை இல்லை என்று இனி வாயால் சொல்லிப் பயனில்லை. உங்கள் சட்டைகள், செருப்புகள், மாலையும் கழுத்துமாக நிற்கும் மேடைப் படங்கள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி, பட்டப்பகலில் டிரைவர் தம்பியின் வண்டியில் ஏற்றிவிட்டேன். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. சேர்ந்துகொள் என்று இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
தையல்காரி