பைகள் மடுவத்துக்குப் போன நாள்

ஜனவரி 16, வியாழன்

மகன் கிருஷாந்துக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இரண்டு வாய் சோறு சாப்பிட்டான்.

மாவனல்லையிலிருந்து றுகையா டீச்சர் மறுபடி போன் எடுத்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஐந்து பேர். மலையில் நடக்க ஆசை, பை தூக்கத் தெம்பில்லை. ஜீப்பும் ஓட்டலும் பென்ஷனுக்குக் கட்டாது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் நடை, பழைய கிளாக்கர் குவாட்டர்ஸில் ஓர் இரவு, பை தூக்க எங்கள் பெண்கள் – யோசனை என்னுடையது. பேஸ்புக்கில் போட்டதும் நான்தான். இப்போது பயந்து சாவதும் நான்தான். வயதானவர்கள். யாராவது விழுந்தால்?

தோட்டத்தை நடத்தும் துரை ஒரு தடவைக்குத்தான் அனுமதி தந்திருக்கிறார். "ஒருத்தருக்கு ஏதும் ஆனா இதோட நிப்பாட்டிறணும்."

"வாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஜனவரி 24, வெள்ளி

நாளைக்கு மழை வரக்கூடாது. வேறொன்றும் எழுத ஓடவில்லை.

ஜனவரி 25, சனி

இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

காலையில் டீச்சர் கூட்டம் வந்து இறங்கியதும், கொழுந்து பறிக்கும் ஜீவராணியக்காவும் இன்னும் இரண்டு பேரும் கொழுந்துக் கூடைகளில் பைகளை வைத்துக் கயிற்றைத் தலையில் மாட்டினார்கள். டீச்சரின் கணவர் புவாட் சேர் மட்டும் தன் பையைக் கொடுக்கவில்லை.

"பொம்புளைகள்ட தலையில ஏன்ட சாமானா? வெக்கமா ஈக்கி."

"நாங்க கொழுந்து தூக்கும்போது யாரும் வெக்கப்படல. நீங்க கட்டுற சாரத்தத் தூக்குனா மட்டும் வெக்கமாங்க சேர்?" அக்கா பையைப் பிடுங்கிக்கொண்டார்.

"முன்னாடி கொண்டுபோய் வச்சிருங்கக்கா, நாங்க மெதுவா வர்றோம்" என்றேன். ஓடைப் பாறையில் சாப்பாடு என்று என் மனதில் இருந்தது. வாயால் சொன்னேனா? இல்லை.

ஓடைக்கு வந்தால் பைகளும் இல்லை, ஆட்களும் இல்லை. சாப்பாடும் அந்தக் கூடைகளில்தான். போனில் சிக்னல் இல்லை. எல்லோரும் காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு நின்றபோது புவாட் சேர் பாறையில் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் வேர்வை. என்ன செய்கிறது என்று கேட்டேன். பஸ் போய்விட்டதா என்று என்னைக் கேட்டார்.

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "காலையில இன்சுலின் போட்டவர், மகள். சரியாச் சாப்பிடவும் இல்ல. சுகர் எறங்குது. இனிப்பு ஏதும் ஈக்கா? ஏன்டதெல்லாம் பையில."

என் கையில் வெறும் போன்தான். பிறகுதான் தோளில் கனம் தெரிந்தது. பிள்ளையை நாத்தனார் பிரேமலதாவிடம் விட்டுவிட்டு, அவன் பையை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். சட்டை, துவாய், மூத்திரத் துணி – அடியில் குளுக்கோஸ் பாக்கெட். காய்ச்சலுக்கு வாங்கியது. அவன் போத்தலில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். எவ்வளவு நேரமோ. கடைசியில் சேர் போத்தலைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பூனப் படம் ஈக்கிதே."

டீச்சர் சிரித்துக்கொண்டே அழுதார். நானும்தான்.

தோட்ட ரோட்டில் ஆட்டோவோடு நின்றிருந்த என் கணவர் கஜேந்திரன் ஏறி ஓடி வந்தார். "பையெல்லாம் கொழுந்து மடுவத்துல இருக்கு. ஏன் வரலன்னு அவங்க நம்மளத் தேடுறாங்க."

எனக்குக் கோபமே வரவில்லை. கூடை முதுகில் ஏறினால் கால் தானாகக் குறுக்குப் பாதையில் இறங்கிக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத்தான் போகும். எங்கே வைப்பது என்று யார் கேட்பார்கள்? என் அம்மாவும் கேட்டிருக்க மாட்டார்.

மடுவத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். கணக்கப்பிள்ளை விளையாட்டுக்குப் பைகளைத் தராசில் போட்டிருந்தார். "கூடைக்கும் தண்ணிக்கும் கழிச்சிட்டேன் சேர்" என்றார், பெண்களின் கொழுந்தில் தினமும் எடை கழிப்பதுபோலவே.

"இதுலயுமா?" என்றார் ஜீவராணியக்கா. சிரித்தது நாங்கள்தான். அக்கா சிரிக்கவில்லை. பையைப் பிடுங்கியவராயிற்றே, சேர் ரொட்டியை முழுதாகத் தின்று முடிக்கும்வரை தள்ளியே நின்றார்.

ஜனவரி 26, ஞாயிறு

துரை கூப்பிட்டு அனுப்பினார். முடிந்தது என்றுதான் நினைத்துப் போனேன். எனக்கு முன்பே புவாட் சேர் பங்களா வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். "காலச் சாப்பாட்ட விட்டது ஏன்ட பிழை. இந்தப் புள்ளட பிழையில்ல."

நான் எதையும் மறைக்கவில்லை. எங்கே வைப்பது என்று சொல்லாதது என் பிழை என்றேன்.

துரை சேரை உட்காரச் சொன்னார். பிறகு, "இனிமே சாப்பாடும் மருந்தும் ஆளோட போகணும்" என்றார்.

இனிமே. அந்தச் சொல்லை வீடுவரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

அவிசாவளையிலிருந்து ஒரு கூட்டம் கேட்டிருக்கிறது. எல்லோரும் பென்ஷன்காரர்கள்.

ஜீவராணியக்காவிடம் சொன்னதும் அவரே திட்டம் போட்டுவிட்டார். "ரெண்டு கூடை முன்னுக்குப் போவட்டும். சாப்பாடும் மருந்தும் இருக்குற கூடை அவங்களோட போவும், அதத் தூக்குறது நாந்தான். நீ வர வேணாம்."

"ஏங்கக்கா?"

"நீ அடிக்கொருக்கா 'நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்டே நல்லா இருக்குற மனுசருக்கும் வருத்தம், காய்ச்சல் வர வச்சிருவ."

கஜேந்திரன் சுவரைப் பார்த்துத் திரும்பிச் சிரித்தார். அவரோடு இன்று பேச்சில்லை.

பெப்ரவரி 22, சனி

காலையில் அவிசாவளைக் கூட்டத்தை ஏற்றத்தின் அடியில் விட்டுவிட்டுத் திரும்பினேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிருஷாந்தைக் குளிப்பாட்டிச் சோறூட்டி, அவன் பக்கத்தில் சும்மா சாய்ந்தேன்.

கதவு தட்டிய சத்தம். வெயில் இறங்கியிருந்தது. வாசலில் ஜீவராணியக்கா, வெறும் கூடையோடு.

"எல்லாரும் குவாட்டர்ஸ்ல கால நீட்டிக்கிட்டு பிளேன்டீ குடிக்கிறாங்க. நீ என்னாடி, தூங்குனியா?"

தூங்கித்தான் இருக்கிறேன்.