எழவு வீட்டில் சொன்ன ‘வாங்க’

மதினி,

மருமகள் நேற்று அட்டன் டவுனிலிருந்து ஒரு கால்மிதி வாங்கி வந்து வாசலில் போட்டாள். தேங்காய்த் தும்பில் செய்தது. நடுவில் கறுப்பு எழுத்தில் ‘வெல்கம்’ என்று இங்கிலீசில் போட்டிருக்கிறது. மழை ஈரம் பட்டு அந்தத் தும்பு வாசனை கிளம்பியது. காலையிலிருந்து அதை மிதிக்காமல் தாண்டித் தாண்டியே நடக்கிறேன். “இந்த வயசுல விழுந்து கிழுந்து வைக்காதீங்க அத்தை” என்று அவள் கத்துகிறாள். கத்தட்டும். அந்த எழுத்தை உங்களுக்கு முதன்முதலில் வாசித்துச் சொன்னவள் நான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

முந்தாநாள் உங்கள் மகன் கோத்தகிரியிலிருந்து போன் செய்தான். “அம்மா போயிட்டாங்க அத்தை” என்றான். வேறு எதுவும் பேச முடியவில்லை அவனால். என்னாலும் முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

நீங்கள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டு லயத்துக்கு வந்தபோது வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போய்ச் சில வருடம் ஆகியிருந்தது. தோட்டத்தை விட்டு மட்டும் அவன் போகவில்லை. கொழுந்து எடுக்கப் போன உங்களைக் கொஞ்ச காலம் துரை பங்களாவில் வாசல் கூட்டப் போட்டார்கள். அதே நேரத்தில் நான் பங்களாப் பூந்தோட்டத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நீங்கள் படிக்கட்டில் ஒரு தும்புக் கால்மிதியை அடித்துத் தூசி தட்டியபடி என்னைக் கூப்பிட்டீர்கள்.

“இதுல என்னா புள்ள எழுதியிருக்கு?”

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்து, இங்கிலீசு எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் என்று எனக்கு அப்போது கொஞ்சம் தலைக்கனம் உண்டு. “வெல்கம்னு இருக்கு மதினி. வாங்கன்னு அர்த்தம்” என்றேன்.

நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். “வாங்கன்னு எழுதிப் போட்டுட்டு நம்மள எதுக்குப் பின் கதவு பக்கமாப் போகச் சொல்றாங்க? தொரைக்கு வாசிக்கத் தெரியாதோ?”

சிரித்து விட்டுவிடுகிற ஆளா நீங்கள்? ஒரு வார்த்தை பிடித்துவிட்டால் உடும்புப் பிடிதான். ‘வாங்க’ என்பதற்கு வெள்ளைக்காரன் ஏன் இத்தனை நீளமாக எழுதுகிறான் என்று கேட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினீர்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர். கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது முந்தி வாற ஆளைத்தான் குறிச்சது பிள்ளை. எங்கட விருப்பத்துக்கு வந்த ஆள் எண்ட கருத்து. நீர் வந்தது எங்களுக்குச் சந்தோசம் எண்டு சொல்லுற மாதிரி” என்றார்.

அதை வந்து உங்களிடம் சொன்னேன். அடுப்பில் விறகைத் தள்ளினீர்கள். எங்களை இந்தச் சிலோன் நாட்டுக்காரர்கள் இல்லையென்று சட்டம் போட்டு, லயத்தில் எல்லோரும் குடியுரிமைக் காகிதத்துக்கு அலைந்துகொண்டிருந்த காலம் அது. “நம்ம பாட்டன் பூட்டன வாங்க வாங்கன்னு கூப்பிட்டுத்தானே கப்பல் ஏத்துனாங்க?” என்றீர்கள். “கூப்பிட்டவனே இப்ப நீ யாருன்னு கேட்டா நாம என்னாத்தச் சொல்றது?” அண்ணன் மூலையிலிருந்து, “தேத்தண்ணியக் குடுத்துட்டு அரசாங்கத்த நடத்து” என்று கேலி செய்தார்.

அக்கரப்பத்தனை டவுனில் நடந்ததைச் சொல்லிச் சொல்லி அண்ணன் சிரிப்பார். முதல்முறை நீங்கள் தனியாகக் கடைக்குப் போனபோது சிங்களக் கடைக்கார அம்மா வாசலில் நின்று “என்ன, என்ன” என்று அன்பாகக் கூப்பிட்டிருக்கிறார். அவர்கள் பாஷையில் அதுதான் ‘வாங்க’. நீங்கள், “ஒண்ணுமில்லைங்க, கருவாடு வாங்கத்தான் வந்தேன்” என்று பவ்யமாகப் பதில் சொன்னீர்களாம். அந்த அம்மாவும் நீங்களும் பிறகு நல்ல கூட்டாளிகளாகிவிட்டீர்கள். ஒருநாள் மலையேறி மூச்சு வாங்க வந்து, சாமானை இறக்கி வைக்கும் முன்னே சொன்னீர்கள்: “அவங்களும் வீட்ட விட்டு எறங்கையில போறேன்னு சொல்ல மாட்டாங்களாம் புள்ள. போயிட்டு வாறேன்னுதான் சொல்லுவாங்களாம். பாஷதான் வேற. பயம் ஒண்ணுதான்.”

அந்தப் பயம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது.

அந்த வருடம் மழை விடவேயில்லை. ஆற்றோரத்து மலையில் வடிகால் கான் அடைத்துக்கொண்டு தண்ணீர் ரோட்டில் ஏறியதால் வெட்டிவிட ஆள் கேட்டார்கள். அண்ணன் மழைக்குத் தலையில் படங்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு, “போயிட்டு வாறேன்” என்று வாசலில் இறங்கினார். நீங்கள் “வாங்க” என்றீர்கள். மத்தியானம் மலை சரிந்தது. கூட நின்றவர்களை மண்ணிலிருந்து எடுத்துவிட்டார்கள். அண்ணனை மட்டும் ஆறு கொண்டுபோயிருக்கும் என்றார்கள். கொத்மலை வரைக்கும் ஆற்றோரமாகத் தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். சாக்கு மட்டும் ஒரு பாறையில் மாட்டியிருந்ததாம்.

செத்த வீட்டுக்கு வருகிறவர்களை ‘வாங்க’ என்று கூப்பிடக் கூடாது. வந்தவர்களும் போகும்போது ‘போயிட்டு வாறேன்’ என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். இது யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காத சங்கதி. நாலு லயத்து ஜனமும் தலைவிரி கோலமாக வந்து வாசலில் நின்றபோது, நீங்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தீர்கள்.

“வாங்க. வாங்க, உள்ள வாங்க. மழையில நிக்காதீங்க.”

ஒப்பாரிக்கு வாயெடுத்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். நீங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். அணைத்து வைத்திருந்த அடுப்பை மூட்டித் தேத்தண்ணி கொதிக்க வைத்தீர்கள். எங்கள் பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார்: “அடியே பாவி, எழவு வீட்டுல வாங்கன்னு சொல்றியேடி! இன்னொரு எழவக் கூப்பிடுறியா?”

“இது எழவு வீடு இல்ல பெரியம்மா” என்றீர்கள், குரலை உயர்த்தாமல். “வாறேன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் உங்களுக்குப் புருஷன் என்றால் எனக்கு உடன்பிறந்தவர் இல்லையா? வாய் விட்டு அழ எனக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. அதையும் நீங்கள் தர மறுத்தீர்கள். நான் மழையிலேயே நின்று அழுதேன். அந்தக் கோபம் தப்பென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ‘வாங்க’ என்று சொன்ன ஒவ்வொரு முறையும் நீங்கள் வந்தவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களுடைய தோளுக்குப் பின்னால் பார்த்தீர்கள்.

தர்ப்பையில் உருவம் செய்து கருமாதி முடித்தோம். நீங்கள் தடுக்கவில்லை. சொன்ன இடத்தில் உட்கார்ந்தீர்கள், சொன்னதைச் செய்தீர்கள். ஆனால் அன்று பொழுது சாய்ந்ததும் விளக்கை ஏற்றிவிட்டு வாசலுக்கு வந்து, வெறும் வெளியைப் பார்த்து, “வாங்க” என்றீர்கள். மறுநாளும் சொன்னீர்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு மாறலாம், சம்பளம் பிந்தலாம், உங்கள் ‘வாங்க’ மட்டும் எந்தச் சாயங்காலமும் தவறவில்லை. லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் விளக்கு வைக்கும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் உங்கள் வாசல் பக்கம் விளையாடப் போவதில்லை.

எனக்கு அந்த வார்த்தையில் பயமில்லை. சொன்ன பிறகு நீங்கள் செய்கிற ஒன்றுதான் என்னைக் குலைநடுங்க வைத்தது. யாரோ உள்ளே நுழைய வழி விடுகிறாற்போல் அரையடி ஒதுங்கி நிற்பீர்கள். அண்ணன் வளர்த்த நாய் அந்த நேரம் பார்த்து எழுந்து வாலை ஆட்டும். நான் நாயைத்தான் திட்டுவேன். அது என்னைப் பார்க்காது, வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கும். அப்புறம் குளிர் உள்ளே வரும், நீங்கள் கதவைச் சாத்துவீர்கள்.

சில வருடம் அப்படியே போனது. பிறகு உங்கள் அப்பா இந்தியாவுக்குப் போவதென்று முடிவு கட்டினார். உங்களையும் உங்கள் மகனையும் சேர்த்துத்தான் விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். நீங்கள் அழவில்லை, சண்டை போடவில்லை. கிளம்புவதற்குக் கொஞ்ச நாளுக்கு முன்னால் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தீர்கள்.

“நான் போயிட்டா அந்த வாசல்ல யாரு புள்ள சொல்லுவா? வந்து பாத்துட்டு, ஆளில்லேன்னு திரும்பிப் போயிருவாங்க. நீ சொல்றியா?”

“செத்தவங்களக் கூப்பிடாதீங்க மதினி” என்றேன். “என்னால முடியாது. அண்ணன் எனக்குச் செத்துட்டாரு. அவர நிம்மதியா விடுங்க.”

நீங்கள் கையை விட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனீர்கள்.

லொறி வந்த அன்று லயமே வெளியில் நின்றது. உங்கள் அப்பா, தம்பிமார், பிள்ளை உட்பட எல்லோரும் அழுதுகொண்டே “போயிட்டு வாறோம், போயிட்டு வாறோம்” என்றார்கள். திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தும் வேறு எப்படித்தான் சொல்வது? நாங்களும் “வாங்க” என்றோம். உங்கள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருமென்று நான் காத்து நின்றேன். நீங்கள் கடைசியாக வெளியே வந்து, கதவைச் சாத்தாமல், யாரையும் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், ஒரு சொல் சொல்லாமல் லொறியில் ஏறினீர்கள். திரும்பவே இல்லை. எழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள்தான் அப்படிப் போவார்கள். அது எழவு வீடு இல்லையென்று ஊரோடு மல்லுக்கு நின்றவர், அன்றைக்குத்தான் மதினி அதை ஒத்துக்கொண்டீர்கள். லொறி தேயிலைக்குள் மறைந்த பிறகு நான் அழுத அழுகைதான் அண்ணனுக்காக நான் அழுத முழு அழுகை.

உங்கள் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். அந்த நாய் மட்டும் சாயங்காலத்தில் அங்கே போய் நிற்கும். புது ஆட்கள் விரட்டுவார்கள். நான் போய் இழுத்துக்கொண்டு வருவேன். ஒருநாள்கூட அந்த வாசலில் நான் வாய் திறக்கவில்லை.

கோத்தகிரியிலும் உங்களுக்குக் கொழுந்து மலைதான் வாய்த்தது. அங்கே உங்களை ‘சிலோன்காரி’ என்று கூப்பிட்டார்களாம். உங்கள் மகன் ஒருமுறை எழுதியிருந்தான். இங்கே இந்தியாக்காரி, அங்கே சிலோன்காரி. விருப்பத்துக்கு வந்த ஆள் என்று உங்களை ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அங்கேயும் விளக்கு வைத்ததும் நீங்கள் வாசலில் போய் நிற்பீர்களாம். என்ன சொல்கிறீர்கள் என்று மட்டும் அவனுக்குக் கேட்காதாம். அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. கடல் தாண்டி அண்ணனுக்கு வழி தெரியுமா என்று பைத்தியம்போல் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

இன்று சாயங்காலம் சேதி கேட்டு ஆட்கள் வந்தார்கள். பழைய லயத்துப் பிள்ளைகள்தான், அவர்களுக்கும் இப்போது நரைத்துவிட்டது. மருமகள் முறை தெரிந்தவள். பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு கதவருகில் நின்றாள். வந்தவர்களும் பேசாமல் செருப்பைக் கழற்றினார்கள்.

என் வாயிலிருந்து வந்துவிட்டது மதினி. “வாங்க” என்றேன். “வாங்க, உள்ள வாங்க. மழையில நிக்காதீங்க.”

மருமகள் திகைத்துப்போய் என் கையைக் கிள்ளினாள். “என்னா அத்தை இது, எழவு கேட்டு வந்தவங்களப் போயி...” ஒவ்வொருவராக அந்தக் கால்மிதியை மிதித்து உள்ளே வந்தார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசி ஆளும் வந்த பிறகு அவள் கதவைச் சாத்தப் போனாள். “இரு” என்றேன். வெளியே மழையும் பனியும்தான் இருந்தன. நான் இது நாள் வரை மாட்டேன் என்று சொல்லிவந்ததைச் சொன்னேன்.

“வாங்கண்ணே. வாங்க மதினி.”

அரையடி ஒதுங்கினேன். பிறகு, இரண்டு பேராயிற்றே என்று, இன்னும் அரையடி.