எனக்கு முழங்கால் வலி இல்லை

அன்பு மகள் ஓவியாவுக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க அண்ணாமலையார் காக்கட்டும். இங்கே அப்பா சௌக்கியம். நான் சௌக்கியமா இல்லையா என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் உன் குரலைக் கேட்டால் தைரியம் போய்விடும், அதனால் இதை எழுதி, போட்டோ எடுத்து அனுப்பும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

நாலைந்து மாதமாக முழங்கால் வலி, அதனால்தான் கிரிவலமும் போகவில்லை கோயிலுக்கும் போகவில்லை என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். மாதவிலக்கு நின்று எத்தனையோ வருஷம் கழித்து திரும்பவும் ரத்தம் பட ஆரம்பித்தது. தீட்டோடு எப்படிக் கோயில் வாசலை மிதிப்பது? இந்த வயதில் இதை வெளியே சொல்லவும் வெட்கம். அப்பா பாவம், நிஜமென்று நம்பி வேங்கிக்கால் மருந்துக்கடையில் தைலம் வாங்கி வந்து தினமும் தேய்த்துவிட்டார். வலிக்காத காலுக்கு நானும் இன்னும் கொஞ்சம் மேலே என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரிக்காதே.

போன மாதம் டிவியில் நாங்கள் பார்க்கும் ஆஸ்பத்திரி தொடரில், ஊர் நோயெல்லாம் பார்க்கிற டாக்டரம்மா தன் மார்பில் இருக்கிற கட்டியை வீட்டில் மறைத்துவிட்டாள். புருஷன் கண்டுபிடித்து, அப்போ நான் உனக்கு யாரு என்று கேட்கிறான். நான் அப்பாவைப் பார்த்தேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூட இருக்கறவன்கிட்ட சொல்றதுக்கு இன்னாவாம் இந்தம்மாவுக்கு, படிச்சி இன்னா பிரயோஜனம்" என்று டிவியைத் திட்டுகிறார். எனக்குத் தாங்கவில்லை, விளம்பரம் வந்ததும் சொல்லிவிட்டேன். மனிதர் ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. "காலையில கிளம்பு, வேலூர் போறோம்" என்றார், அவ்வளவுதான்.

ஸ்கேன் எடுத்தார்கள், சதை எடுத்து டெஸ்ட் செய்தார்கள். கர்ப்பப்பையில் கேன்சர். ஆரம்பம்தான், எடுத்துவிட்டால் குணமாக வாய்ப்பு ஜாஸ்தி என்கிறார்கள். அடுத்த மாதம் முதல் வாரம் ஆபரேஷன். பயம் இருக்கிறது, ஆனால் முடிவெடுத்தாயிற்று. உன் அத்தை கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து, "கேன்சர்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க அண்ணி, கர்ப்பப்பை இறங்கிடுச்சி, அடியிறக்கம்னு சொல்லிடலாம்" என்றாள். இன்னொரு முழங்கால் வலியா, போதும் தாயே என்றேன். கேட்கிறவர்களுக்கு நானே நோயின் பெயரைச் சொல்லித்தான் பதில் சொல்கிறேன். அப்பாவோ, "சின்ன ஆபரேஷன்னு எழுது, புள்ள பயந்துக்கும்" என்கிறார். எழுதமாட்டேன்.

அம்மாவுக்கு இருந்தால் மகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மறக்காமல் போ, வேலை வேலை என்று தள்ளிப்போடாதே, வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இரண்டு பேரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

நீ வரட்டுமா என்று கேட்கும்போதெல்லாம் எதற்கு வீண் செலவு, வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இந்த முறை நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன். மயக்க மருந்து தெளிந்து கண் திறக்கும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும் ஓவியா. வா.

உன் அம்மா,
மணிமொழி