மேனேஜரம்மா போடாத முட்டைகள்

என் கோழிக்காரச் செல்ல அப்பாவுக்கு,

மேனேஜரம்மா பிழைத்துவிட்டது. நீ முதலில் அதைத்தான் கேட்பாய், என்னைப் பற்றி அப்புறம்தான். ஒரு வேலையும் செய்யாமல் கொல்லையைச் சுற்றி மேற்பார்வை பார்க்கிறது என்று நீ பெயர் வைத்த அதே சிவப்புப் பெட்டைதான். எனக்குத்தான் மூன்று நாளாக உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை.

நீ போன பிறகு அம்மா காலையில் எழுந்ததும் போவது கூண்டுக்குத்தான். முட்டை இருந்தால் அன்றைக்குச் சாப்பிடுவாள். போன வாரம் மேனேஜரம்மா முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. இரண்டாம் நாள், "அவரோட இதுவும் போச்சு போல" என்று தட்டை நகர்த்தினாள். எனக்குப் பொறுக்கவில்லை. கேம்ப் ரோடு கடையில் நாட்டுக்கோழி முட்டை வாங்கி, உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, அம்மா எழும் முன் வைக்கோலில் வைத்தேன். முட்டை வாங்குவது எனக்குப் புதிதா என்ன, கணக்குப் பரீட்சையில் வாங்காததா?

நாலு நாள் ஜோராக ஓடியது. சனிக்கிழமை காலை மேனேஜரம்மா வாலைத் தொங்கவிட்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, மூலையில் நின்று முக்கிக்கொண்டிருந்தது. தீனியைத் தொடவில்லை. அம்மா பதறி, பக்கத்து வீட்டில் கோழி வளர்க்கும் மேரி அக்காவைக் கூப்பிட்டாள்.

"கடைசியா எப்போ முட்டை வெச்சுது?"

"நேத்துகூட வெச்சுதே. தினமும் தவறாம."

"அப்போ முட்டை உள்ள மாட்டிகினு இருக்காது. சளிதான். மிளகு அரைச்சுக் குடு."

அம்மா மிளகெடுக்க உள்ளே போனாள். சொன்னால் நான் மாட்டுவேன், சொல்லாவிட்டால் அது செத்துப்போகும்.

"அக்கா, நேத்து வெச்சது நான்."

"நீ எப்போடி முட்டை வெக்க ஆரம்பிச்ச?"

சொன்னேன். அக்காவின் சிரிப்பு நின்றது. கோழியின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார். "கல்லாட்டம் கீது. வெந்நீர் வைக்கச் சொல்லு உங்கம்மாவ."

வெதுவெதுப்பான தண்ணீரில் அதை உட்காரவைத்து, பின்பக்கம் விளக்கெண்ணெய் தடவினோம். அம்மாதான் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வைத்த முட்டைகளைப் பற்றி அதற்குள் கேட்டுவிட்டாள், என் பக்கம் திரும்பவேயில்லை. மதியத்துக்கு மேல், ரத்தக்கறையோடு கோணலாக ஒரு முட்டை விழுந்தது.

"முன்னாடியே சொல்லியிருந்தா இத்தினி பேஜார் இல்ல" என்றார் மேரி அக்கா.

அந்த வார்த்தைதான் அப்பா, என்னை உட்காரவிடவில்லை. உன்னைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதையேதான் சொன்னார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அவர்?" என்று அம்மா இன்னமும் கேட்கிறாள். சொன்னாயே. என்னிடம். ஸ்டேஷன் மேம்பாலப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "வெறும் கேஸ் ட்ரபிள்டி, அம்மாகிட்ட சொல்லாத, பயந்துடுவா" என்றாய். நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன். ஏம்ப்பா என்னிடம் மட்டும் சொன்னாய்? சொல்லமாட்டேன் என்று நம்பியா, இல்லை, எப்படியும் உளறிவிடுவேன் என்று நம்பியா?

முட்டைக்காக அம்மா திட்டவில்லை. "இனிமே எங்கிட்ட எதையும் மறைக்காதடி" என்றாள். தலையாட்டிவிட்டேன். அதுவும் பொய்யாகிவிடக் கூடாது.

இப்போது அவள் கூண்டைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். இதை மடித்து வைத்ததும் போய், மேம்பாலப் படியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அழுவாள். என்னோடு பேசாமல்கூட இருப்பாள். வழக்கம்போல ஜோக்கடித்துத் தப்பிக்க மாட்டேன், அவள் பக்கத்திலேயே நிற்பேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் ரகசியத்தை இதற்குமேல் தூக்க முடியாத
உன் வாலு மகள்,
நித்யா