வரிச்சட்டைக்கு ஊதிய விசில்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், என் தொண்டை ஒன்றுதான் கட்டிக்கொண்டிருக்கிறது, அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நீ சுகமாக இருப்பதை நான்கு மாதமாக உன் அம்மா வாய்வழியாகத்தான் தெரிந்துகொள்கிறேன், இனிமேல் நேராகவே தெரிந்துகொள்ள ஆசை. அப்பாவிடமிருந்து கடிதமா என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். என்ன செய்வது, போனில் பேசினால் எனக்கு வாய் முந்திக்கொள்கிறது, புத்தி மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வருகிறது. பேனா பிடித்தால் இரண்டும் ஒன்றாக நடக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன், வேறு ஒன்றும் விசேஷமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் விசேஷம் இருக்கிறது.

முதலில் வீட்டுச் சமாசாரம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாள், செய்யும்போது என்னையும் பக்கத்தில் நிற்க வைத்து எண்ணச் சொல்கிறாள், பத்தை எட்டு என்று எண்ணுகிறேனாம், தினமும் ஒரு சண்டை. குழாய் ஒழுகுவதை நானே சரி செய்தேன், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. மாடி வீட்டு டீச்சர் உன்னை விசாரித்தார். எங்கள் டிப்போ தொடங்கி ஐம்பது வருஷம் ஆனதற்கு விழா எடுத்தார்கள், அதில் கால்பந்து ஆட்டம் வைத்தார்கள், டிப்போ அணிக்குச் சட்டையில் நம்பர் தைக்கிற வேலை உன் அம்மா தையல் மெஷினுக்கு வந்தது. எல்லாம் அழகாகத் தைத்தாள், ஏழாம் நம்பரை மட்டும் இரண்டு சட்டையில் தைத்துவிட்டாள். கேட்டால், ராசியான நம்பர் ரெண்டு பேருக்கு இருந்தா என்ன குறைஞ்சு போச்சு என்கிறாள். அவளோடு யார் பேசி ஜெயிப்பது!

எதிர்த்து ஆட வந்தது யார் என்று நினைக்கிறாய்? வரிச்சட்டைக்காரர்கள். பெரிய அணி இல்லை, அவர்களுடைய இரண்டாம் அணிதான். ஆனாலும் வரிச்சட்டை வரிச்சட்டைதானே, கோப்பை கோப்பையாக வாங்கிக் குவித்த கிளப் நம் டிப்போ மைதானத்துக்கு வருகிறது என்றால் சும்மாவா, முந்நூறு பேர் கூடிவிட்டார்கள். எனக்கும் அந்தச் சட்டைக்கும் உள்ள பகை உனக்குத் தெரியும். நீ சின்னவளாக இருந்தபோதே உன்னை மடியில் வைத்துக்கொண்டு டி.வி.யைப் பார்த்துக் கத்துவேன், பெரிய கிளப்புக்கு ஒரு நியாயம் சின்ன கிளப்புக்கு ஒரு நியாயமா, ரெஃப்ரி எல்லாம் அவங்க பாக்கெட்டில என்று. நீ என் வாயைப் பொத்துவாய். பிறகு நீயே விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடுவராகப் போனபோது டிப்போ முழுக்க மிட்டாய் கொடுத்தேன், என் மகள் ஊதினால் யார் பாக்கெட்டிலும் இருக்க மாட்டாள் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன்.

அப்படிச் சொன்ன வாயால்தான் நான்கு மாதத்துக்கு முன்னால் உன்னிடம் அதைக் கேட்டேன். வரிச்சட்டைக்காரர்களும் துறைமுக அணியும் ஆடிய ஆட்டம், நீ நடுவர், கடைசி நிமிஷத்தில் வரிச்சட்டைக்கு பெனால்டி கொடுத்தாய், துறைமுகம் தோற்றது. ஆட்டம் முடிந்து நீ உடை கூட மாற்றியிருக்க மாட்டாய், அதற்குள் போன் போட்டு, நீயும் விலைபோயிட்டியா, எவ்வளவு வாங்கினே என்று கேட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் எடுத்தால், அம்மா இருக்காங்களா என்ற ஒரே கேள்விதான். நானும் ரோஷக்காரன், இருக்கா என்று கொடுத்துவிடுவேன். கொடுத்துவிட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன், இதை உன் அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். நடுவராக வரவேண்டியவர் நம் டிப்போ பஸ்ஸிலேயே வந்தார், அது நிற்பதற்குள் இறங்கி, கணுக்கால் பிசகி, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வேறு ஆள் இல்லை. மேனேஜர் சுற்றிப் பார்த்தார், இங்கே விதி தெரிந்தவர் யார் என்று கேட்டார், அத்தனை பேரும் என்னைக் கை காட்டினார்கள். காட்டாமல்? முப்பத்தொரு வருஷமாக விதி விதி என்று கத்துகிறவன் நான்தானே, போதாததற்கு டைம் கீப்பர் வேலைக்கான விசில் கழுத்திலேயே தொங்குகிறது. வரிச்சட்டைப் பயிற்சியாளரிடம் கேட்டார்கள், இவர் டிப்போ ஆள், உங்களுக்குச் சம்மதமா என்று. அவர் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து, ஐயா முகத்திலேயே நேர்மை தெரியுது, எங்களுக்குச் சம்மதம் என்றார். பாப்பா, அந்த ஒரு வார்த்தையில் நான் காலி. நம் ஆட்களுக்குச் சாய்ந்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் அப்போதே வந்து உட்கார்ந்துவிட்டது.

முதல் பாதியில் ஒரு கூத்து நடந்தது, கேட்டால் சிரிப்பாய். நம் ஏழாம் நம்பரை (எந்த ஏழு என்று கேட்காதே) ஒருவன் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். ஃபவுல் என்று ஊதினேன். ஆனால் கை பழக்கம் இருக்கிறதே, டிப்போவில் பஸ்ஸை அனுப்புகிற மாதிரி இரண்டு தடவை ஊதிவிட்டேன். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ, இது நம் டிரைவர் கண்டக்டர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. வரிச்சட்டைக்காரர்கள் விசில் சத்தம் கேட்டதும் மரியாதையாக நின்றுவிட்டார்கள். நம் ஆட்கள் பதினோரு பேரும், கோல்கீப்பர் உட்பட, முன்னால் பாய்ந்தார்கள், பந்தைக் கொண்டுபோய் வலையில் போட்டார்கள், தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நான் போய், கோல் இல்லை, ஃப்ரீ கிக்தான் என்றேன். ரெண்டு விசில் குடுத்தீங்களே அண்ணே, ரெண்டுன்னா போறதுதானே என்று சண்டைக்கு வந்தார்கள். நான் சொன்னது விதிப்படி சரிதான், விசில் ஊதினால் ஆட்டம் நின்றது நின்றதுதான். ஆனாலும் வரிச்சட்டைப் பயிற்சியாளர் தூரத்திலிருந்து எனக்குத் தலையாட்டினார் பார், அது எனக்கு இனித்தது. அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஒன்றுக்கு ஒன்று என்று நின்ற ஆட்டம், இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கும். வரிச்சட்டைப் பத்தாம் நம்பர் பந்தோடு கோலுக்கு முன்னால் வந்தான். நம் கோல்கீப்பர் கேன்டீன் மாஸ்டர், ஆள் குண்டு என்றாலும் பந்து மேல் சரியாக விழுந்தார். அவருடைய கைக்கும் அவன் காலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. நான் பார்த்தேன். பத்தடி தூரத்தில் நின்று இந்தக் கண்ணால் பார்த்தேன். அவன் அலறிக்கொண்டு விழுந்தான், மிச்சப் பத்து வரிச்சட்டையும் ஒன்றாகக் கையைத் தூக்கியது, விசில் என் வாயில் இருந்தது, ஊதிவிட்டேன். பெனால்டி! எனக்கு யாரும் காலணா கொடுக்கவில்லை. அந்தக் கிளப்பைக் கண்டாலே எனக்கு ஆகாது. இருந்தும் ஊதினேன். இவ்வளவு பெரிய கிளப் ஆள் சும்மா விழுவானா, நம் கண்தான் தப்பாக இருக்கும் என்று ஒரு நொடியில் தோன்றியது, அந்த நொடி போதும். மாற்றிச் சொல்லலாமா என்று நினைப்பதற்குள் பந்தை வைத்துவிட்டார்கள், மாற்றினால் டிப்போக்காரன் புத்தியைக் காட்டிவிட்டான் என்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். தோற்றோம்.

அப்புறம் கேட்க வேண்டுமா. முந்நூறு பேரும் எழுந்து நின்று கத்தினார்கள். இருபது வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிற கண்டக்டர் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு வாங்கினே என்று கேட்டார். உன் அம்மா, பந்து எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாதவள், குடையை ஆட்டிக்கொண்டு, அந்த ஆளுக்குக் கண்ணு தெரியுதா இல்லையா என்று கத்தினாள், அந்த ஆள் தன் புருஷன் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. நான் வாங்கலை வாங்கலை என்று பதிலுக்குக் கத்தியதில் போன தொண்டைதான் இது, ஐந்து நாளாகியும் திரும்பி வரவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள், எனக்கு இறங்கவில்லை. எதிரே உட்கார்ந்தாள். பிறகு சத்தம் போடாமல் சொன்னாள், உங்களுக்கு முந்நூறு பேர் கத்தினதுக்கே டீ இறங்கல, அவளுக்கு முப்பதாயிரம் பேர் கத்துறாங்க, அதுல அப்பா குரலும் ஒண்ணா சேரணுமா என்று. அவ்வளவுதான் சொன்னாள், எழுந்துபோய்த் துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் அழுதேன் பாப்பா. ஒளிக்க என்ன இருக்கிறது, அழுதேன்.

மூன்று நாள் நான் கேன்டீன் பக்கமே போகவில்லை, வாசல் கடையில் டீ குடித்தேன். நேற்று போனேன். மாஸ்டர் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நீங்க அவனைத் தொடலை, நான் பார்த்தேன், பார்த்துட்டேதான் ஊதினேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, நான் தொடலைன்னு எனக்குத் தெரியும் அண்ணே, உங்களுக்குத் தெரியுமா தெரியாதான்னுதான் மூணு நாளா மனசு அரிச்சுக்கிட்டே இருந்துச்சு என்றார். பிறகு முட்டை ஒன்று சேர்த்து வைத்தார். நான் அவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டு நாளாயிற்று.

அங்கிருந்து நேராக மாடி வீட்டு டீச்சரிடம் போய், உன் ஆட்டத்தின் பதிவை அவர் கம்ப்யூட்டரில் போடச் சொன்னேன். அந்த பெனால்டியைப் பதினோரு தடவை பார்த்தேன். டீச்சர் கால் தட்டியது என்கிறார், உன் அம்மாவும் என்கிறாள். எனக்கு இன்னும் அது பெனால்டியாகத் தெரியவில்லை, பொய் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஆனால் அதே ஆட்டத்தில் இருபதாவது நிமிஷம் வரிச்சட்டைக் கேப்டனுக்கே நீ சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பியிருக்கிறாய், அரங்கமே உன்மேல் பாய்கிறது, நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நகராமல் நிற்கிறாய். அன்றைக்கு அதைப் பார்த்து நாற்காலியைத் தட்டிக் குதித்தவன் நான். போன் போடும்போது அது எங்கே போயிற்று? எனக்கு வேண்டாததை மட்டும் எண்ணி எண்ணி வைத்துக்கொண்டு, முப்பத்தொரு வருஷமாக அதையே நியாயம் என்று சொல்லியிருக்கிறேன். பெரிய சட்டைக்குக் கை சாயும் என்பது உண்மைதான், இப்போது என் கையே சாட்சி. ஆனால் சாய்ந்தது விலைபோய் இல்லை. நீ பார்த்ததை ஊதினாய். பார்த்ததை விட்டுவிட்டுச் சட்டையைப் பார்த்து ஊதியவன் நான். உன்னைக் கேட்ட கேள்வி தப்பு பாப்பா. அப்பாவை மன்னித்துவிடு.

உனக்கும் எப்போதாவது அப்படிக் கை சாயுமா, சாய்ந்தால் எப்படி நிறுத்துகிறாய் என்று கேட்க ஆசை, எழுதவேண்டாம், பேசும்போது சொல். ஈரமான காலுறையோடு உட்காராதே, ஆட்டத்துக்கு முன்னால் வெறும் வயிற்றோடு ஓடாதே, பஸ் நின்ற பிறகு இறங்கு, இது டிப்போக்காரன் சொல்கிற புத்தி, கேட்டுக்கொள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வரிச்சட்டை ஆட்டத்துக்கு நீதான் நடுவர் என்று அம்மா சொன்னாள். நான் டி.வி. முன்னால்தான் இருப்பேன். கத்த மாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை, தொண்டை சரியாகிவிட்டால் கத்துவேன், ஆஃப்சைடு என்பேன், கண்ணைத் துடைச்சுட்டுப் பாரும்மா என்பேன். எவ்வளவு வாங்கினே என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் இந்த வீட்டில் இனி வராது.

நோய்நொடி இல்லாமல், கண் தெளிவாக, கால் தளராமல் நீ நன்றாக இருக்கவேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் போன் செய். முதல் மணியிலேயே நான் எடுத்துவிடுவேன். அம்மா இருக்காங்களா என்று கேட்காதே, அவள் எங்கே போய்விடப் போகிறாள், பக்கத்தில்தான் நிற்பாள். அப்பா எப்படி இருக்கீங்க என்று கேள்.

இப்படிக்கு,
போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா